சுயம்புலிங்கத்துக்கு வரவேண்டிய வலி

சுயம்புலிங்கத்தின் வலது தோள் கிழிந்தது சென்னையில், ஒரு லீக் மேட்ச்சில், மதியச் சாப்பாட்டுக்கு முந்தின ஓவரில். ஆனால் அந்த வலி வந்து இறங்கியது தூத்துக்குடிக்குத் தெற்கே உவர்க்குடி என்கிற ஊரில், உப்பளத்துப் பாத்திக்குள் கணுக்கால் தண்ணீரில் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்த அவன் அண்ணன் தர்மலிங்கத்தின் வலது தோளில். பந்தை விட்ட நொடியில் ஈரச் சாக்கைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம் தோளுக்குள்ளிருந்து வந்ததைச் சுயம்பு தெளிவாகக் கேட்டான். ஓட்டம் தொடங்கும் இடத்துக்குத் திரும்பி நடக்கிற வழியெல்லாம் வலிக்காகக் காத்திருந்தான், அது வரவில்லை, ஓடி வந்து அடுத்த பந்தையும் முந்தின பந்து விழுந்த இடத்திலேயே போட்டான், சாயங்காலம் வரைக்கும் போட்டான்.

ஆட்டம் முடிந்ததும் மைதானத்துக்கு எதிரே இருந்த பூத்துக்குப் போய், உவர்க்குடியில் எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கும் ஜெபராஜுக்குப் போன் போட்டான்.

"அண்ணன் எப்படி இருக்காவ?"

"அதச் சொல்லத்தான் ஒன்ன எங்க பிடிக்கன்னு தேடிக்கிட்டு இருந்தேன். உப்பு வாரிக்கிட்டு நின்ன மனுசனுக்குக் கை அப்படியே தொங்கிப் போச்சு. விழவும் இல்ல, யாரும் மோதவும் இல்ல. உப்பு வாருத பலகை தானா நழுவிருச்சு."

"எந்தக் கை?"

"சோத்துக் கை."

அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்குப் போன சுயம்பு, கையைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்த அண்ணன் முன்னால் நின்று, தோளுக்குள் கேட்ட சத்தத்தைப் பற்றியும் வராமல் போன வலியைப் பற்றியும் ஒன்றும் மறைக்காமல் சொன்னான். தர்மலிங்கம் முழுவதையும் கேட்டான். அப்பா அம்மா போன பிறகு தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவன் அவன்.

"இப்போ ஒனக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லண்ணே."

"பந்து போட முடியுதா?"

"முடியுது."

"அப்போ சரி," என்றான் தர்மலிங்கம். அன்றிலிருந்து இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டான். அவன் மனைவி செல்வக்கனி அவனுடைய பலகையை எடுத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கினாள்.

உவர்க்குடி இதற்கு அதிகமாக ஆச்சரியப்படவில்லை. உப்பு குதிகாலைத் தின்கிற ஊர் அது, பனை நெஞ்சுத் தோலை உரிக்கிற ஊர், கடல் தோன்றுகிறபோது ஒரு ஆளை எடுத்துக்கொள்கிற ஊர். எந்த வலி யாரிடமிருந்து வந்தது என்று அங்கே யாரும் கேட்டுப் பழக்கமில்லை. இந்த வலியாவது எங்கிருந்து வருகிறது, எதற்காக வருகிறது என்று தெரிகிறதே என்றுதான் நினைத்தார்கள். உப்பளத்துக் கரையில் வெறுங்காலோடு ஓடி ஓடி, வெடித்துக் கிடந்த களிமண் தரையில் ஒரே வெடிப்பைக் குறிவைத்துப் போட்டுப் பழகிய பையனை, உப்புக் கம்பெனியின் மேனேஜர் ஒருவர் கண்டு, சென்னையில் கம்பெனி வைத்திருந்த கிரிக்கெட் அணிக்குச் சம்பளத்துக்குச் சேர்த்துவிட்டிருந்தார்; உவர்க்குடியிலிருந்து உப்பையும் கருப்பட்டியையும் தவிர வேறு எதுவும் வெளியே போய்ப் பேர் வாங்கியதில்லை. அதனால் மறு வருஷம் சுயம்புவின் விலாத் தசை கிழிந்து டீக்கடை ராசையாவுக்கு விலா பிடித்துக்கொண்டபோது, ராசையா ஒரு கையால் விலாவை அமுக்கிக்கொண்டு மறு கையால் அன்று வந்தவர்களுக்கெல்லாம் சும்மா டீ ஆற்றிக் கொடுத்தார். அதற்கடுத்து சுயம்புவின் கணுக்கால் திரும்பி, பள்ளிக்கூடத்துக் கிரேஸ் டீச்சர் கரும்பலகையில் எழுதிக்கொண்டே உட்கார்ந்துவிட்டபோது, பிள்ளைகள் எழுந்து நின்று கை தட்டின.

சுயம்பு எந்த ஆட்டத்தையும் தவறவிட்டதில்லை. மற்ற பந்துவீச்சாளர்கள் முதுகைப் பிடித்துக்கொண்டு போனார்கள், முட்டியில் கத்தி வைத்துக்கொண்டு வந்தார்கள், வராமலே போனார்கள். சுயம்பு மட்டும் வெயில் தரையைப் பிளக்கிற நேரத்திலும், பந்து எழும்பாத செத்த தரையிலும், மற்ற எல்லோரும் பந்தை வாங்கத் தயங்குகிற வேளையிலும் கேப்டன் திரும்பிப் பார்த்தவுடன் கையை நீட்டினான். கம்பெனி அணியிலிருந்து மாநில அணிக்குப் போனான். பத்திரிகைக்காரர்கள் அவனைச் சளைக்காத சுயம்பு என்று எழுதினார்கள். துண்டை விரித்து வைத்தால் துண்டின் மேலேயே விழும் என்று அவன் பந்தைப் பற்றிச் சொன்னார்கள், அது உண்மைதான், எத்தனை வருஷம் போனாலும் அது அங்கேயேதான் விழுந்தது.

ஊரில் அதற்குள் வலிக்கு ஒரு முறைமை வந்திருந்தது. யாருக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் வந்தவர்களுக்கு ஒரு மரியாதை வந்தது; தோள் தர்மலிங்கம், விலா ராசையா, கணுக்கால் டீச்சர் என்று பேர் நின்றது; பந்தியில் அவர்களை முதலில் உட்காரவைத்தார்கள்; பெண் பார்க்க வந்த வீட்டில் மாப்பிள்ளை லேசாக நொண்டினால் எந்த மேட்ச் என்று கேட்டார்கள், பதில் வந்தால் முகம் மலர்ந்தார்கள். ஒன்றும் வராதவர்கள் மனத்தாங்கலோடு இருந்தார்கள். ஒருவன் வராத முட்டிவலியை வந்ததாகச் சொல்லிக் கொஞ்ச நாள் நொண்டினான்; ஒரு நாள் மறந்துபோய் மறு காலால் நொண்டியதில் பிடிபட்டு, வெட்கத்தில் வெளியூர் போனான். அம்மன் கோவிலிலும் மாதா கோவிலிலும் வேண்டிக்கொண்டார்கள். வலி வரக் கூடாதென்று யாரும் வேண்டவில்லை. தாங்குகிறவனுக்கு வரட்டும் என்றுதான் வேண்டினார்கள்.

இந்தியாவுக்கு ஆடுவான் என்று ஊர் நம்பியது. ஒவ்வொரு முறையும் அணி அறிவிக்கிற அன்றைக்கு ராசையா கடை டி.வி. முன்னால் கூடினார்கள், பேர்களைக் கேட்டார்கள், கலைந்தார்கள். அவன் எங்கே போகப்போகிறான், எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று தேர்வாளர் ஒருவர் சொன்னதாகச் சுயம்புவே ஊரில் வந்து சொன்னான். அது நல்ல வார்த்தை என்றுதான் அப்போது எல்லோருக்கும் பட்டது.

மாசி மாதம், பதநீர் காலம் தொடங்கிய புதிதில், சுயம்புவின் இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் ஏதோ முறிந்தது. மைதானத்தில் அவன் நின்றுவிட்டான். அவ்வளவு பெரிய சத்தத்தை அவன் உடம்புக்குள் அதற்கு முன் கேட்டதில்லை. அதே நேரத்தில் உவர்க்குடியில் பனையேறி சுடலைக்கண்ணு பனை உச்சியில் பாளை சீவிக்கொண்டிருந்தான். அரிவாளும் கலயமும் முதலில் விழுந்தன, பிறகு அவன் விழுந்தான்.

செய்தி வந்ததும் சுயம்பு விளையாட்டுப் பையோடு அப்படியே கிளம்பி வந்தான். வெள்ளை உடுப்புக் கசங்கிப் போய், அதில் பந்தைத் தேய்த்த சிவப்புக்கறை தொடையில் இருந்தது. அடக்கம் முடிந்திருந்தது. ஊர் சுடலைக்கண்ணுவின் வீட்டு முன்னால், வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தது. அவன் நின்றபடியே சொன்னான்.

"இனிமே நான் போட மாட்டேன்."

தர்மலிங்கம் எழுந்தான். அவன் வலது கை மெலிந்து, வேறு யாருடைய கையையோ அவன் தோளில் மாட்டிவிட்டதுபோல ஆகியிருந்தது.

"நீ நிப்பாட்டிட்டா என் கை என்னத்துக்குடே?"

"அண்ணே, ஒரு உசுரு போயிருக்கு."

"போயிருக்கு. அதத்தான் கேக்கேன். நீ நிப்பாட்டினா அது என்னத்துக்குப் போச்சு?"

சுயம்பு தலையைக் குனிந்துகொண்டான். அப்போது வீட்டுக்குள்ளிருந்து சுடலைக்கண்ணுவின் மனைவி பூமயில் வெளியே வந்தாள். வரக் கூடாத நேரத்தில் வெளியே வருகிறாளே என்று பெண்கள் கையைப் பிடித்தார்கள், அவள் விடுவித்துக்கொண்டு வந்து அவனுக்கு எதிரே நின்றாள்.

"நீ ஆடுனாத்தான் அவரு ஒனக்காகப் போனவரு," என்றாள். "நிப்பாட்டிட்டன்னா பனையில இருந்து வழுக்கி விழுந்தவரு. அவ்வளவுதான். அவரு சின்ன வயசுல இருந்து பனை ஏறுனவரு. ஒருநாள் வழுக்கினது இல்ல. அவருக்கு அந்தப் பேரு வரக் கூடாது."

"பூமயிலக்கா..."

"இந்தியாவுக்கு ஆடு. ஒரு ஆட்டம் ஆடு போதும். அப்புறம் நிப்பாட்டிக்க."

அவன் மறுநாளே சென்னைக்குத் திரும்பிப் போனான்.

அதற்குப் பிறகு உவர்க்குடி தன் நாட்களைச் சுயம்புவின் ஆட்டங்களுக்குத் தகுந்தபடி அடுக்கிக்கொண்டது. செல்போன் வந்துவிட்ட காலம். பந்துவீச மைதானத்துக்குள் போவதற்கு முன் "எறங்குதேன்" என்று அவன் ஒரு செய்தி அனுப்புவான். ஜெபராஜ் ஓடிப்போய் மாதா கோவில் மணியை அடிப்பான். உடனே பனையேறிகள் கீழே வருவார்கள், வள்ளங்கள் கரைக்குத் திரும்பும், தாய்மார்கள் கைப்பிள்ளையைத் தொட்டிலில் போடுவார்கள், ஊர்க்காரன் ஓட்டுகிற மினிபஸ் புளியமரத்தடியில் நிற்கும், எல்லோரும் பாயை விரித்து மல்லாந்து படுத்து, தங்கள் உடம்பைத் தலையிலிருந்து கால்வரை கவனித்துக்கொண்டு கிடப்பார்கள். அவன் அணி மட்டையடிக்கப் போய்விட்டால் "வெளிய வந்துட்டேன்" என்று இன்னொரு செய்தி வரும். மணி மறுபடி அடிக்கும். எழுந்து ஓடி, அரைகுறையாய் விட்ட வேலையைப் பிடிப்பார்கள். மாநில ஆட்டம் என்றால் நாலு நாள். வாராத உப்பு பாத்தியிலேயே இறுகியது. சீவாத பாளை காய்ந்தது. உப்பள முதலாளிகள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள், அவர்கள் மணிச் சத்தத்துக்கு நிற்காமல் வாரினார்கள். திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் பிழைக்கப் போன உவர்க்குடிப் பிள்ளைகளையும் வலி விடவில்லை. பனியன் கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த ஒருத்திக்குச் சுண்டுவிரல் நகம் தானாகப் பிளந்தது, அவள் ரத்தத்தைத் துடைத்துவிட்டு இன்றைக்கு எங்கள் ஊர்க்காரர் ஆடுகிறார் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

அந்த வருஷங்களில் சுயம்பு எப்படிப் பந்து வீசினான் என்று பத்திரிகைகளைப் பார்த்தால் தெரியும். ஒன்று போலவே வீசினான். ஒரு விக்கெட், இரண்டு விக்கெட், சில நாள் மூன்று. அதிகம் அடி வாங்குவதில்லை, அதிகம் சாய்ப்பதுமில்லை. இத்தனை சீரான பந்துவீச்சாளர் இந்தத் தலைமுறையில் இல்லை என்று எழுதினார்கள். அவர்களுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. ஓடி வருகிற ஒவ்வொரு முறையும் அவன் கண்ணுக்கு முன்னால் ஊர் மல்லாந்து படுத்திருந்தது. இந்தப் பந்தை இன்னும் கொஞ்சம் வேகமாக விடலாம், இதைக் குத்தி மூஞ்சிக்கு எழுப்பலாம், இங்கே முதுகை வளைத்துத் தோளை முழுசாகச் சுற்றலாம் என்று அவன் உடம்பு சொல்லும். அது யார் முட்டி, அது யார் முதுகு என்று அவன் மனசு கேட்கும். உடம்பு அடங்கிவிடும். துண்டின் மேல் விழுகிற பந்தையே மறுபடி போடுவான். உயிருக்குப் பயந்து வரப்பில் நடக்கிறவன் ஒரே தடத்தில் கால் வைப்பதுபோலத்தான் அந்தச் சீர்மை.

தேர்வாளர்கள் வந்து பார்த்தார்கள். நம்பகமானவர், ஆனால் தீப்பொறி இல்லை என்றார்கள்.

ஒரு கோடைக்கு ஊருக்கு வந்திருந்தபோது, உப்பளக் கரையில் தம்பியோடு நடந்துகொண்டிருந்த தர்மலிங்கம் நின்றான். கரையின் இருபுறமும் வெளியூர் ஆட்கள் உப்பைக் குவித்துக்கொண்டிருந்தார்கள்.

"நேரா ஒண்ணு கேக்கேன். முழுசா போடுதியா?"

சுயம்பு உப்புக் குவியலைப் பார்த்தான்.

"சொல்லுடே."

"இல்லண்ணே."

"எத்தனை வருசமா?"

"சுடலைக்கண்ணு அண்ணன் போனதுல இருந்து."

தர்மலிங்கம் நடந்தான், கொஞ்சதூரம் போய்த் திரும்பி வந்தான். அவன் குரல் ஏறவில்லை. "அப்போ நாங்க இத்தனை வருசம் பாய விரிச்சுப் படுத்தது பாதிக்குத்தானா?"

"ஒங்களுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னுதான்..."

"எங்களுக்கு ஆக வேண்டியது எல்லாம் ஆயிருச்சு. உப்பு போச்சு, பனை போச்சு. ஊருல பாதிப் பேரு நிமுந்து நடக்கல. நீ பாதி போட்டா நாங்க பாதியாவா நொண்டுதோம்? ஒரு வருசம், ஒரே ஒரு வருசம் முழுசா போடு. எங்கள ஒடச்சுக்கூடப் போடு. பாத்துக்கிடுதோம்."

"யாருகிட்ட கேட்டுச் சொல்லுதீங்க?"

"வா, வந்து கேளு."

அவன் வீடு வீடாகப் போய்க் கேட்டான். வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ராசையா விலாவைத் தடவிக்கொண்டு, நீ கேக்க வந்ததே தப்பு என்றார். கிரேஸ் டீச்சர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்து, "இன்னொரு கால் சும்மாதானே இருக்கு சுயம்பு," என்றார். பூமயில் கதவைப் பாதி திறந்து அவனைப் பார்த்தாள். "நீ பாதிதான் போட்டேன்னு சொன்னாங்க," என்றாள். கதவைச் சாத்தினாள்.

அந்த வருஷம் அவன் முழுசாகப் போட்டான்.

இத்தனை காலம் அடக்கிவைத்த வேகமெல்லாம் அந்த வருஷம் வெளியே வந்தது. ஸ்டம்புகள் பிடுங்கிக்கொண்டு பறந்தன. முப்பது வயதைத் தாண்டி வெகுதூரம் போய்விட்ட ஒருவன் இருபது வயதுக்காரனைப் போல ஓடி வருவதைப் பார்க்க, அதுவரை காலியாகக் கிடந்த மைதானங்களுக்குக் கூட்டம் வந்தது. பந்து மூஞ்சிக்கு எழும்பியது, கால் விரலுக்கு இறங்கியது, அவன் தோள் முழு வட்டம் சுற்றியது, முதுகு வில்லாக வளைந்து நிமிர்ந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் உவர்க்குடியில் ஒரு பாயில் ஒருவர் துடித்து அடங்கினார். ஐப்பசியில் முட்டிகள் போயின, கார்த்திகையில் முதுகுகள், தை பிறந்தபோது ஊரில் பொங்கல் பானையைத் தூக்கி அடுப்பில் வைக்க ஆள் கிடைக்காமல், நிற்கக்கூடியவர்கள் வீட்டுக்கு வீடு போய் வைத்துக் கொடுத்தார்கள். ராசையாவின் கடையை அவர் மருமகள் நடத்தினாள், பிறகு அவளும் படுத்தாள். செல்வக்கனியின் முழங்கை மடங்கியபடியே நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சில பேர் கையை மார்போடு கட்டிக்கொண்டு எழுதாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களின் தாய்மார்களுக்கு மட்டும் அந்த வருஷம் ஒரு முடிவுக்கு வந்தால் போதும் என்று தோன்றியது, ஆனால் அதை வெளியே சொல்லவில்லை. ஒவ்வொரு விக்கெட்டுக்கும் ஜெபராஜ், தானே ஊன்றுகோலில் போய், மணியை ஒரு தட்டுத் தட்டினான். படுத்தபடியே ஊர் அதைக் கேட்டது. அந்த வருஷம் மணி அடித்தது போல் அதற்கு முன்பு எந்தத் திருவிழாவுக்கும் அடித்ததில்லை.

மாநிலத்திலேயே அதிக விக்கெட் எடுத்தவன் அவன்தான். நாட்டிலும் அப்படித்தான் என்றார்கள்.

அணி அறிவித்த அன்று, நடக்க முடிந்தவர்கள் நடந்தும், முடியாதவர்களைக் கட்டிலோடு தூக்கியும் ராசையா கடை முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். சுயம்பு சென்னையிலேயே இருந்தான். டி.வி.யில் பேர்களை வாசித்தார்கள். கடைசிப் பேர் வரை வாசித்தார்கள். பிறகு தேர்வாளர் ஒருவர், கண்ணாடி போட்ட, மென்மையாகப் பேசுகிற மனிதர், நிருபர் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார்.

"சுயம்புலிங்கத்தின் பேர் விவாதத்துக்கு வந்தது. அருமையான வருஷம் அவருக்கு. ஆனால் வயதையும் பார்க்கவேண்டியிருக்கிறது. இத்தனை வருஷம் ஓய்வே இல்லாமல் ஓடிய உடம்பு. உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கும், இன்னும் எவ்வளவு தாங்கும் என்று யாருக்குத் தெரியும்? அந்த ஆபத்தை எடுக்க முடியாது."

கட்டிலில் கிடந்தவர்களும் சுவரைப் பிடித்து நின்றவர்களும் அதைக் கேட்டார்கள். ஒரு கீறல் கூட விழாத உடம்பு அது என்று அவருக்குச் சொல்ல அங்கே யாருக்கும் வழி இல்லை. ராசையாவின் மருமகள் படுத்தபடியே கையை நீட்டி டி.வி.யை அணைத்தாள். கட்டில்களைத் தூக்கி வந்தவர்களால் திரும்பத் தூக்க முடியவில்லை. சிலர் அங்கேயே வெயில் தாழும்வரை கிடந்தார்கள்.

மறு வருஷம் கம்பெனி அணியைக் கலைத்துவிட்டது. மாநில அணி இளம் ஆட்களைத் தேடியது. நீண்டகாலச் சேவைக்காகச் சுயம்புவுக்குச் சால்வை போட்டார்கள். அவன் ஊருக்கு வந்து இறங்கியபோது பஸ் நிறுத்தத்தில் யாரும் இல்லை. கோபம் ஒன்றுமில்லை, எழுந்து வரக்கூடியவர்கள் குறைவு, அவ்வளவுதான். அவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, நெட்டைப்பனை போல நிமிர்ந்து, ஊரின் நடுத்தெருவில் நடந்து போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள் அந்த நடையைப் பார்த்தார்கள். எவ்வளவு அழகாக நடக்கிறான் என்று ஒருத்தி சொன்னாள், அவள் அதை மனசாரத்தான் சொன்னாள்.

அண்ணன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, "வந்துட்டேண்ணே," என்றான்.

"ம்," என்றான் தர்மலிங்கம்.

அதன்பின் சில வருஷங்கள் அவன் ஊருக்கு வேலை செய்தான். குடத்தில் தண்ணீர் சுமந்து வீடு வீடாக ஊற்றினான், படுத்திருந்தவர்களைத் தூக்கி வெயிலில் உட்காரவைத்தான், எண்ணெய் காய்ச்சி முதுகுகளையும் முட்டிகளையும் உருவிவிட்டான். எந்த முதுகு எந்த ஆட்டத்தில் போனது என்று அவன் கைக்குத் தெரிந்தது. அதைப் பற்றி அவனும் பேசவில்லை, அவர்களும் பேசவில்லை. குடத்தைத் தூக்கும்போது மட்டும், பாத்து தூக்குப்பா, அவசரம் இல்ல என்று உள்ளிருந்து யாராவது மெல்லச் சொல்வார்கள். அவனும் மெதுவாகவே தூக்கினான், மெதுவாகவே நடந்தான், கல் தடுக்காமல், முள் குத்தாமல், கொதிக்கிற பாத்திரத்தின் பக்கம் போகாமல், அடுத்தவர் வீட்டுக் கண்ணாடிச் சாமானைக் கையில் வைத்திருப்பவனைப்போலத் தன் உடம்பை வைத்திருந்தான். புதிதாக யாருக்கும் எதுவும் வரவில்லை. அவனுடைய கவனத்தால்தான் வரவில்லை என்று ஊர் நினைத்தது. இன்னும் தாங்கள்தான் அவனைச் சுமக்கிறோம் என்று அவர்கள் இருந்தார்கள்.

ஒரு சித்திரை மதியம், தெருவில் நாய்கூட நடக்காத வெயிலில், சுயம்புவின் கடைவாய்ப் பல் ஒன்று வலிக்கத் தொடங்கியது.

முதலில் அது என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை. தாடைக்குள் யாரோ ஆணியை வைத்து மெதுவாகத் திருகுவதுபோல இருந்தது. வழக்கம்போல ஊரில் வேறு யாருக்கோ போய்ச் சேரும் என்று காத்திருந்தான். அது போகவில்லை. காதுக்கு ஏறியது, கண்ணுக்குப் பின்னால் போனது, கழுத்தில் இறங்கியது. எழுந்து நின்றான், உட்கார்ந்தான், சுவரில் கன்னத்தை வைத்து அழுத்தினான். பிறகு கத்தினான். நாற்பது வயது கடந்த ஆண் அப்படிக் கத்தி உவர்க்குடி கேட்டதில்லை. தெருவுக்கு ஓடி வந்து, கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சுடுமண்ணில் முழங்கால் போட்டு, கண்ணில் நீர் வழியக் கத்தினான்.

கதவுகள் திறந்தன. தர்மலிங்கம் தொங்குகிற கையோடு வந்தான். கிரேஸ் டீச்சர் இரண்டு ஊன்றுகோலில் வந்தார். ராசையா விலாவைப் பிடித்தபடி வந்தார். ஊர்ந்து வந்தவர்களும் வந்தார்கள். அவனைச் சுற்றி நின்றார்கள்.

"என்னடே? எங்க?" என்று கேட்டான் தர்மலிங்கம்.

அவன் வாயைத் திறந்து விரலால் காட்டினான்.

தர்மலிங்கம் குனிந்து பார்த்தான். கறுத்துப் போன ஒரு பல். அவன் நிமிர்ந்து சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான், அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாராவது கன்னத்தைப் பிடித்திருக்கிறார்களா என்று பார்த்தார்கள். யாரும் பிடித்திருக்கவில்லை. அது அவனுக்கே வந்திருந்தது. அவன் வலி எப்போதிலிருந்து அவனுக்கே ஆகிவிட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவேளை அவன் கடைசிப் பந்தைப் போட்ட அன்றிலிருந்தே.

ராசையாவுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு சொத்தைப் பல்லுக்கு, என்று தொடங்கினார். முடிக்கவில்லை.

பூமயில் வீட்டுக்குள் போய்க் கிராம்பு எடுத்துவந்து, அவன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லுக்குள் வைத்துக் கடித்துக்கொள்ளச் சொன்னாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இது எம்புட்டு நேரம் இருக்கும்க்கா?"

"பல்லுவலிதானே. இருக்கும்," என்றாள். அவள் குரலில் வெறுப்பு இல்லை. பாசமும் இல்லை. கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

அவன் அண்ணனை நிமிர்ந்து பார்த்தான். எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது.

"இத வச்சுக்கிட்டு எப்படிண்ணே இத்தனை வருசம் இருந்தீங்க?"

தர்மலிங்கம் தம்பியின் தலையில் இடது கையை வைத்தான்.

"நீ ஆடிக்கிட்டு இருந்தியேடே," என்றான்.

பிறகு கையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனான். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். தர்மலிங்கம் பாயில் சரிந்து, செத்துக் கிடந்த வலது கையை இடது கையால் எடுத்து நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டு முனகினான். செல்வக்கனி என்ன என்று கேட்டாள். கை வலிக்கு, என்றான். அது சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குக் கேட்டது. அங்கே ஒருவர் முனகத் தொடங்கினார், பிறகு அதற்கடுத்த வீட்டில், பிறகு எதிர்ச் சாரியில். வெயில் சாயும் முன் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் எல்லா வீட்டிலும் வலித்தது.